நகரும் வீட்டில் முதல் குடும்பப் பயணம்: புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு காலத்தில் தைப்பூசம் வந்தால் தோட்டத்து லோரி ஒன்றே போதும். பாய், பானை, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளையும் தூக்கி உட்கார வைத்து, லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் பத்துமலைக்கோ பினாங்குக்கோ புறப்பட்டுவிடும். வழியில் சமைப்பதும் வண்டியில் தூங்குவதும் நம்மவர்களுக்குப் புதிய அனுபவம் இல்லை.

இன்று அந்த லோரியின் இடத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகியவற்றுடன் மோட்டார்ஹோம் வந்து நிற்கிறது. சில குடும்பங்கள் வாங்குகின்றன. பல குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கின்றன. முழங்கால் வலியால் தங்கும் விடுதிப் படிகளில் ஏற முடியாத பாட்டி, வழியெங்கும் கழிவறை தேடும் தாத்தா, கைக்குழந்தை என மூன்று தலைமுறைகளும் ஒன்றாகப் போய்வர இது நல்ல வழிதான்.

ஆனால், முதல் பயணத்தில் சறுக்கல் பெரும்பாலும் தூரத்தில்தான் தொடங்குகிறது. வண்டி பழகுவதற்கு முன்பே ஒரே விடுமுறையில் பாதி நாட்டைச் சுற்றத் திட்டமிடுகிறார்கள். மோட்டார்ஹோமில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இயந்திரத்தின் சக்தியை வைத்துக் கணக்கிடக்கூடாது. உள்ளே அமர்ந்திருக்கும் மூத்தவரும் சிறியவரும் எவ்வளவு தாங்குவார்கள் என்பதே கணக்கு. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனைகளும் அந்த ஒரு கணக்கிலிருந்து வருபவைதான்.

எது மோட்டார்ஹோம்?

மூன்று வகை வாகனங்களை மக்கள் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் அமைத்தால் அது கேம்பர்வேன். சிறிய லோரி அல்லது பெரிய வேனின் அடித்தளத்தின் மேல் தனி அறை போன்ற உடல் கட்டப்பட்டால் அது மோட்டார்ஹோம். இயந்திரம் இல்லாமல் காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படுவது கேரவன்.

இருவர் அல்லது மூவர் கொண்ட குடும்பத்திற்குக் கேம்பர்வேன் போதும். ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் அது சுலபம். ஐந்து, ஆறு பேர் என்றால் மோட்டார்ஹோம் தேவைப்படும். ஆனால் விளம்பரத்தில் ‘6 பேர் தூங்கலாம்’ என்று இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எத்தனை பேர் படுக்கலாம் என்பது வேறு, ஓடும்போது எத்தனை பேர் இருக்கை வார் அணிந்து உட்காரலாம் என்பது வேறு. வாங்கும் முன் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். முடிந்தால், வாங்குவதற்கு முன் அதே அளவுள்ள வாகனத்தை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆவணங்களும் டோல் வகுப்பும்

டி வகுப்பு ஓட்டுநர் உரிமம், சுமையில்லாத எடை 3,500 கிலோகிராமைத் தாண்டாத வாகனங்களுக்கு உரியது. வாகனத்தின் சுமையில்லாத எடை, வாகனப் பதிவு ஆவணத்தில் ‘பிடிஎம்’ என்ற மலாய்ச் சுருக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் கனரக உரிமம் வேண்டும். அப்பா ஓட்டக் களைத்தால் மகன் ஓட்டுவான் என்று நினைப்பதற்கு முன், மகனின் உரிமம் எந்த வகுப்பு என்றும் காப்புறுதியில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சாதாரண வேனை வாங்கிப் பட்டறையில் படுக்கை, அடுப்பு பொருத்துவோர் இருக்கிறார்கள். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி தேவை. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பரிசோதனையும் நடக்க வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும்போது காப்புறுதியில் சிக்கல் வரலாம். ஆகவே, பழைய மோட்டார்ஹோமை வாங்குவோர் அதன் பதிவு ஆவணத்தில் உள்ள விவரமும் கண்ணெதிரே நிற்கும் வண்டியும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும்.

டோல் சாவடியிலும் வேறுபாடு உண்டு. இரண்டு அச்சும் 3 அல்லது 4 சக்கரங்களும் உள்ள வாகனம் முதல் வகுப்பு. பின்புறம் இரட்டைச் சக்கரம் வைத்த சிறிய லோரியின் மேல் கட்டப்பட்ட மோட்டார்ஹோமுக்கு மொத்தம் 6 சக்கரங்கள். அது 2ஆம் வகுப்பில் சேரும், கட்டணமும் கூடும். பழக்க தோஷத்தில் காருக்குரிய தடத்தில் நுழைந்துவிட்டுப் பின்னால் நிற்கும் வரிசையை மறிப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்களே. முதல் பயணத்தில் டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் போட்டுக்கொண்டு, அறிவிப்புப் பலகையில் வாகன வகுப்பைப் பார்த்துத் தடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எடையும் உயரமும்

கார் ஓட்டிப் பழகியவருக்கு மோட்டார்ஹோமில் முதலில் புரிபடாதது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ கூடுகிறது. ஐந்து பேர் என்றால் சராசரியாக 300 கிலோ. உணவு, துணி, நாற்காலி, மேசை, எரிவாயு கலன் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 100 கிலோ சுலபமாக ஏறிவிடும். ஆக, வீட்டு வாசலில் நிற்கும் காலி வண்டியைவிடப் புறப்படும் வண்டி அரை டன் கனமானது. பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும்.

பதிவு ஆவணத்தில் ‘பிடிஎம்’ அருகே ‘பிடிஎம்’ போன்றே ஒலிக்கும் ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’ என்ற இன்னோர் எடையும் இருக்கும். சுமையோடு வாகனம் தாங்கக்கூடிய உச்ச எடை அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நாம் ஏற்றக்கூடிய சுமை. செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் லோரியை நிறுக்கும் எடைமேடை உண்டு. கேட்டுப் பார்த்து, எல்லாச் சாமான்களையும் ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்துக்கொண்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். தங்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தால் தொட்டியைக் கால்பங்கு நிரப்பினாலே போதும்.

கனமான பொருள்கள் கீழே, அச்சுகளுக்கு இடையே இருக்க வேண்டும். அரிசிப் பை, இடிகல், தண்ணீர்ப் புட்டிகளைத் தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைக்கக்கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அவை யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார்த்தாலே போதும்.

அடுத்தது உயரம். வாகனத்தின் உச்சியில் குளிர்சாதனப் பெட்டியோ சூரிய மின்தகடோ இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த அளவை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே ஒட்டி வைக்கலாம். பேரங்காடிகளின் மாடி வாகன நிறுத்துமிடங்கள், சிறு கடைகளின் முன்கூரை, தாமான் நுழைவாயில் கம்பிகள், தாழ்ந்து தொங்கும் மரக்கிளைகள் ஆகியவை காருக்குப் பிரச்சினை இல்லை, மோட்டார்ஹோமுக்குப் பிரச்சினை. திரும்பும்போது பின்பகுதி வெளிப்புறமாக வீசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழி காட்டுவது கட்டாயம். கேமரா இருந்தாலும் அதை நம்பி மட்டும் எடுக்கக்கூடாது.

டயரையும் பார்க்க வேண்டும். அதிக நாள் நிறுத்தியே வைக்கப்படும் மோட்டார்ஹோமின் டயர், பூ தேயாமலேயே வயதாகி வெடிக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். காற்றழுத்தத்தைப் புறப்படுவதற்கு முன், டயர் சூடாவதற்குள் பார்க்க வேண்டும்.

படுக்கையில் படுத்துக்கொண்டு போகலாமா?

“எனக்கு முதுகு வலிக்குது, பின்னால கட்டில்ல கொஞ்சம் படுத்துக்கிறேன்” என்று பாட்டி கேட்பார். “நான் மேல் கட்டில்ல விளையாடுறேன்” என்று பேரன் அடம்பிடிப்பான். இரண்டுக்கும் பதில், வண்டி நின்ற பிறகுதான்.

பின்னிருக்கைப் பயணிகளும் இருக்கை வார் அணிய வேண்டும் என்பது மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. வீடு போல இருப்பதால் ஓடும் மோட்டார்ஹோம் வீடாகிவிடாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், கட்டிலில் படுத்திருப்பவர் அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் வீசப்படுவார்.

குழந்தை இருக்கையை முன்னோக்கிய இருக்கையில்தான் பொருத்த வேண்டும். சோபா போலப் பக்கவாட்டில் அமைந்த இருக்கை அதற்கு ஏற்றதல்ல. தலைசுற்றல் வருபவர்களுக்கும் முன்னோக்கிய இருக்கையே நல்லது. பாட்டிக்கு முதுகு வலி என்றால் அதற்கு மருந்து அடிக்கடி நிறுத்துவதுதான். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி, 15 நிமிடம் இறங்கி நடக்க விட்டால் ஓட்டுநருக்கும் அது ஓய்வு. சமையல், தேநீர், கழிவறை எல்லாமே வண்டி நின்ற பின்தான்.

தண்ணீர், மின்சாரம், எரிவாயு, கழிவு

வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் வரும். மோட்டார்ஹோமில் நான்கும் அளவோடுதான்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் இருப்பது 1,200 வாட்-மணி. பழைய ஈய அமில மின்கலமாக இருந்தால் அதில் பாதியை, அதாவது சுமார் 600 வாட்-மணியைத்தான் கெடாமல் பயன்படுத்தலாம். 25 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 200 வாட்-மணி. விளக்குகளும் கைப்பேசிகளும் சேர்ந்து இன்னும் கொஞ்சம். இதுவரை கவலையில்லை. ஆனால் வீட்டில் உள்ளது போன்ற ஒரு குதிரைச்சக்தி குளிர்சாதனத்தைப் போட்டால் அந்த 600 வாட்-மணி ஒரு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும். நம் நாட்டு வெப்பத்தில் குளிர்சாதனம் இல்லாமல் தூங்க முடியாத குடும்பம், மின் இணைப்பு உள்ள தங்குமிடத்தைத்தான் முதல் பயணத்திற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரவு முழுவதும் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனம் போட்டுத் தூங்குவது மிக ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த காரில் உறங்கி உயிரிழந்த சம்பவங்கள் நம் நாட்டிலும் நடந்துள்ளன. ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதை வண்டியிலிருந்து தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். அடுப்பை எரிக்கும்போது ஜன்னலோ மேல்துளையோ திறந்திருக்க வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் எரிவாயு கசிவை உணர்த்தும் கருவியைத் தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு கருவியைப் படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்திலும் பொருத்த வேண்டும். ஓடும்போது கலனின் வால்வு மூடியிருக்க வேண்டும். தீயணைப்புக் கருவி கதவுக்கு அருகில், எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கழிவறைத் தொட்டி பற்றிப் பேசப் பலர் கூச்சப்படுகிறார்கள். கழற்றி எடுக்கும் வகைத் தொட்டி பொதுவாக 15 முதல் 20 லிட்டர் கொள்ளும். ஐந்து பேர் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு நாளில் நிறைந்துவிடும். பகலில் ஓய்வுத் தளக் கழிவறை, இரவில் மட்டும் வண்டிக் கழிவறை என்று வைத்துக்கொண்டால் மூத்தவர்களின் தேவைக்குப் போதுமானதாக இருக்கும். அதைக் கால்வாயிலோ ஆற்றிலோ செம்பனைத் தோட்டத்திலோ கொட்டக்கூடாது. தங்குமிட உரிமையாளரிடம் கேட்டு அவர் காட்டும் இடத்தில் காலி செய்ய வேண்டும், அல்லது வீட்டுக்கு வந்து கழிவறையில் ஊற்ற வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் இதே விதிதான்.

மூன்று ஒத்திகைகள்

முதல் ஒத்திகை வீட்டு வாசலிலேயே. ஓர் இரவு குடும்பம் முழுவதும் வண்டியில் தூங்கிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் போய் எதையும் எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. பாட்டியால் படியேற முடிகிறதா, நள்ளிரவில் கழிவறைக்குப் போக எத்தனை பேரைத் தாண்ட வேண்டியிருக்கிறது, கொசுவலை போதுமா, எதை மறந்தோம் என்பதெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும். நடந்துவிட்ட தவறைத் திருத்த வீடு பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது ஒத்திகை 100 கிலோமீட்டருக்குள், ஓர் இரவு. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் இருப்போருக்குப் போர்ட்டிக்சன், மோரிப், கோலா சிலாங்கூர் பொருத்தமானவை. கோலா சிலாங்கூரில் மாலாவாத்தி குன்று, மின்மினிப்பூச்சிகள் என்று குழந்தைகளுக்குப் பொழுதும் போகும். ஜொகூர் பாருவில் உள்ளவர்களுக்குச் செனாய்–டெசாரு நெடுஞ்சாலை வழியாக டெசாரு கடற்கரை.

மூன்றாவது, 250 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு இரவு. இதுவே உண்மையான முதல் பயணம்.

ஒரு மாதிரித் திட்டம்: கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்

கிள்ளானில் வசிக்கும் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், 74 வயதுப் பாட்டி. பாட்டி பிறந்தது சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வீடுகள் இல்லை, ரப்பரும் செம்பனையாகிவிட்டது, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒருவழித் தூரம் சுமார் 250 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். மோட்டார்ஹோமில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஒதுக்க வேண்டும்.

முதல் நாள். காலை 7.30க்குப் புறப்பாடு. ஒரு மணி நேரத்திற்குள் ரவாங் ஓய்வுத் தளத்தில் முதல் நிறுத்தம். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று தோன்றும். அலமாரிக் கதவு திறந்துகொண்டதா, ஏதாவது உருளுகிறதா, டயர் ஒன்று மட்டும் சூடாகிறதா என்பது முதல் 50 கிலோமீட்டரில்தான் தெரியும். அடுத்தது தாப்பா ஓய்வுத் தளம். அங்கே முக்கால் மணி நேரம். வீட்டில் கட்டிய புளிச்சோறும் நெத்திலிச் சம்பாலும் அங்கேயே சாப்பிடலாம். ஓய்வுத் தளம் எல்லா வாகனமோட்டிகளுக்கும் பொதுவானது, அங்கே கூடாரம் விரிப்பதும் அடுப்பு மூட்டுவதும் முறையல்ல. பிற்பகல் 2 மணிக்குள் ஈப்போ வட்டாரத்தில் முன்கூட்டியே பதிவு செய்த தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவதும் மின் இணைப்பைப் பார்ப்பதும் சுலபம்.

இரண்டாம் நாள். காலையில் சுங்கை சிப்புட். ஈப்போ வடக்கு டோல் வட்டாரத்திலிருந்து செம்மோர் வழியாகப் பழைய கூட்டரசுச் சாலையில் போனால், நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய நீண்ட மேட்டையும் இறக்கத்தையும் தவிர்க்கலாம். மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி உள்ள ஊர் என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லக் கதைகளும் உண்டு.

தோட்டத்திற்குள் நுழைவதில் கவனம் தேவை. இன்று பல தோட்டங்களில் காவல்சாவடி உண்டு. இன்னமும் அங்கே வேலை செய்யும் உறவினர் அல்லது கோயில் நிர்வாகத்தினர் மூலம் முன்னதாகவே அனுமதி கேட்டுவிட வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலை மழைக்குப் பிறகு சேறாகும். சிறு பாலங்கள் எவ்வளவு எடை தாங்கும் என்று தெரியாது. மோட்டார்ஹோமைத் தார்ச்சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, உறவினரின் காரில் பாட்டியை அழைத்துப் போவதே சரி. இரவு மீண்டும் அதே ஈப்போ தங்குமிடம். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் பிரித்துக் கட்டும் வேலை பாதியாகக் குறையும்.

மூன்றாம் நாள். திரும்பும் வழியில் பத்து காஜாவுக்கும் கோப்பேங்கிற்கும் இடையே உள்ள கெல்லி மாளிகையைப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முடிவடையாமல் நின்றுபோன மாளிகை அது. கட்டுமானத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்தார்கள். அவர்களுக்காகக் கட்டிக்கொடுக்கப்பட்ட மாரியம்மன் கோயிலும் அருகில் உள்ளது. இருட்டுவதற்கு முன் வீடு.

எரிபொருள் கணக்கு சுலபம். உள்ளூர் ஓட்டமும் சேர்த்து மொத்தம் 550 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் ஏறக்குறைய 69 லிட்டர். தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2024 ஜூன் 10ஆம் தேதி 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதன் பிறகு விலை மாறி மாறி வருவதால், புறப்படும் வாரத்தின் விலையைப் போட்டுக் கணக்கிட வேண்டும்.

இரவு எங்கே தங்குவது?

2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலி அருகே முகாம் தலம் ஒன்றின் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். விடுமுறைக்குப் போன குடும்பங்கள் தூக்கத்திலேயே புதையுண்டன. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களின் அழகைவிட மூன்று கேள்விகள் முக்கியம் என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

முதலாவது, அந்த இடம் ஊராட்சி மன்றத்தின் உரிமம் பெற்றதா? இரண்டாவது, பின்னால் செங்குத்தான மேடு இருக்கிறதா? மூன்றாவது, ஆறு எவ்வளவு அருகில் இருக்கிறது? மலையில் மழை பெய்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெப்பாலா ஆயேர்’ என்பார்கள். தண்ணீர் கலங்கி, இலைகளும் குச்சிகளும் மிதந்து வந்தால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட மோட்டார்ஹோமை அந்த நேரத்தில் கிளப்பிக் கொண்டுபோக அவகாசம் இருக்காது. மனிதர்கள் தப்பினால் போதும்.

வனக்காப்புப் பகுதிகளில் தங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். கடற்கரையில் மணலுக்குள் வண்டியை இறக்கக்கூடாது. வண்டியின் முன்பகுதி வெளியேறும் வழியைப் பார்த்தபடி நிறுத்தினால், அவசரத்தில் பின்னால் எடுக்கும் சிரமம் இராது.

எந்தப் பாதை, எந்தக் காலம்?

கேமரன் மலைக்குத் தாப்பா வழி குறுகலானது, வளைவுகள் அதிகம். சிம்பாங் பூலாய் வழி அகலமானது. மோட்டார்ஹோமுக்கு இரண்டாவதே ஏற்றது. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தி, இடையிடையே மட்டும் பிரேக் போட வேண்டும். மலைப் பயணத்தை முதல் மூன்று பயணங்களுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கெரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை காட்டின் நடுவே செல்கிறது. எண்ணெய் நிலையங்கள் மிகக் குறைவு. காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி அது. கெரிக்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு பகலில் மட்டுமே போக வேண்டும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும்.

கிளந்தான், திரெங்கானு, கிழக்குப் பகாங் ஆகிய இடங்களை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தவிர்ப்பது நல்லது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ள அபாயம் அதிகம். ஆண்டிறுதிப் பயணம் என்றால் மேற்குக்கரையே பாதுகாப்பு.

பினாங்கிற்குப் போவோர் ஜார்ஜ்டவுனின் பழைய குறுகிய சாலைகளுக்குள் மோட்டார்ஹோமைக் கொண்டுபோகாமல், வெளியே நிறுத்திவிட்டு வேறு வாகனத்தில் செல்ல வேண்டும். மாரான் மரத்தாண்டவர் ஆலயத்திற்குக் கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் சுலபமாகப் போகலாம். ஆனால் பங்குனி உத்திரக் கூட்டத்தில் இவ்வளவு பெரிய வண்டியை நுழைப்பது முதல்முறை ஓட்டுபவருக்குச் சோதனை. சாதாரண வார நாளில் போனால் பாட்டிக்கும் நிம்மதியான தரிசனம் கிடைக்கும். தைப்பூசம், தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக்கு முந்திய பிந்திய நாள்களில் நெடுஞ்சாலை நெரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110 கிலோமீட்டர் என்பது காருக்கு. கனரக வாகனங்களுக்கு வரம்பு குறைவு. எந்தப் பிரிவாக இருந்தாலும் இடது தடத்தில் 80 முதல் 90க்குள் போவதே முதல் பயணத்திற்கு ஏற்றது.

மருந்துப் பையும் அவசர அழைப்பும்

இனிப்புநீர் நோயாளிகள் உள்ள குடும்பத்தில் மருந்துப் பையைத் தனியாக ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியை ஒட்டி வைத்து அது உறைந்துவிட்டால் பயன்படாது. வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்பலகையில் வைத்தாலும் கெட்டுவிடும். பயண நாள்களைவிட இரண்டு நாளுக்கு அதிகமாக மருந்து, மருத்துவர் எழுதிய சீட்டு, வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளின் பெயர்கள் ஆகியவை பையில் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை அளவு இறங்கும் என்பதால் பாட்டியின் நேரப்படிதான் எல்லோருக்கும் சாப்பாடு.

வழியில் பழுதானால் வண்டியை அவசரத் தடத்தின் இடது ஓரத்தில் நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லோரும் இடப்புறமாக இறங்கித் தடுப்புவேலிக்கு அப்பால் நிற்க வேண்டும். உள்ளே வசதியாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பது உயிருக்கு ஆபத்து. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணை அழைத்தால் ரோந்துப் பணியாளர்கள் வருவார்கள். விபத்து, தீ, மருத்துவ அவசரம் என்றால் 999.

வீடு திரும்பிய பின்

பயணம் முடிந்த அன்றே கழிவுத் தொட்டியைக் கழுவி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து உலரவிட வேண்டும். நம் ஈரக் காற்றில் இரண்டு நாள் தாமதித்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும். எதை எடுத்துப் போய்ப் பயன்படுத்தவில்லை, எது இல்லாமல் தவித்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வண்டியிலேயே வைத்தால், அடுத்த பயணத்தின் பட்டியல் தயார்.

அந்த நோட்டில் தூரத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். எத்தனையாவது கிலோமீட்டரில் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள், எப்போது பாட்டி முதுகைப் பிடித்துக்கொண்டார், எந்த நேரத்தில் ஓட்டுநருக்குக் கண் சொருகியது என்று குறித்துவைக்க வேண்டும். அடுத்த பயணத்தின் ஒரு நாள் தூரம் அதற்குள்தான் இருக்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால், “இன்னொரு தடவை எப்போப்பா போகலாம்?” என்ற கேள்வி பாட்டியிடமிருந்தே வரும்.